இரண்டு பக்கமும் எண்ணப்பட்ட டைம்கீப்பர்

அந்தப் பஸ் டிப்போவில் மொத்தம் எண்பத்துநாலு பேர். அவர்களில் மேட்டுத்தெரு கால்பந்து அணியின் ரசிகர்கள் நாற்பத்தொரு பேர் என்று மேட்டுக்காரர்கள் சொல்வார்கள். பாலத்தடி அணியின் ரசிகர்கள் நாற்பத்தொரு பேர் என்று பாலத்துக்காரர்கள் சொல்வார்கள். கால்பந்தே பிடிக்காதவர்கள் மூன்று பேர். அவர்களை ஏதோ சொல்லக்கூடாத வியாதி வந்தவர்களைப்போல எல்லோரும் அன்பாக நடத்துவார்கள். கூட்டிப் பார்த்தால் எண்பத்தைந்து வரும். ஒரு தலை அதிகம். பதினொரு வருடமாக இந்தக் கணக்கு உதைத்துக்கொண்டிருந்தது; கூட்டிப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. எதிர்த்தரப்புத் தலைகளையும் சேர்த்துக் கூட்டும் வழக்கம் எந்த ரசிகனுக்கும் கிடையாது.

அந்த அதிகப்படியான தலை டைம்கீப்பருடையது. ஐம்பத்துமூன்று வயது, நெற்றி பின்வாங்கிப் பின்வாங்கி உச்சியைத் தொட்டிருந்தது. எந்த டிரைவர் எந்தக் கிழமை எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது என்று எழுதும் டூட்டி சார்ட் அவர் கையில். மேஜையளவு காகிதம், இடமிருந்து வலமாக ஏழு கிழமைக்கு ஏழு கட்டம், மேலிருந்து கீழே பெயர்கள். வாரம் முழுக்கப் பென்சிலில் எழுதுவார், அழிப்பார், ஊதுவார். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு மையில் எழுதிப் பலகையில் குத்துவார். அதன்பிறகு மேனேஜரே வந்து கேட்டாலும் மாற்ற மாட்டார். அந்த டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு: சார்ட் போடும் ஆளை மேனேஜர் நியமிப்பதில்லை. ஆண்டுக்கொருமுறை, கால்பந்துப் பருவம் முடிந்ததும், எல்லோரும் கை தூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். பதினொரு முறையும் அவருக்கே எல்லாக் கைகளும் உயர்ந்தன. அந்த மேஜையை அவர் சம்பளத்தைவிடப் பெரிதாக நினைத்தார். சம்பளத்தைப் பார்த்திருந்தால் அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று உங்களுக்கே தெரியும்.

அவர் பிறந்தது மேட்டுத்தெருவில். அப்பா பச்சைச் சட்டை அணியின் ரசிகர்; பிள்ளைக்கும் அது அம்மைத்தழும்புபோல ஒட்டிக்கொண்டது. இருபத்துநாலு வயதில் வேலைக்குப் பக்கமாகப் பாலத்தடியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தார். சமையல் மேடைக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே பாலத்து அணி பயிற்சி எடுக்கும் மைதானம். தினமும் மாலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அரக்குச் சட்டைக்காரர்களைப் பார்த்தார். யார் இடது காலை இழுத்து நடக்கிறான், யார் தோற்ற மறுநாள் முதல் ஆளாக வந்து தனியாக ஓடுகிறான், கோல் காக்கும் எந்த கோலி பந்தைப் பிடித்ததும் அதனிடம் ஏதோ பேசுகிறான், எல்லாம் தெரிந்துபோயிற்று. ஒருவனைப் பற்றி இவ்வளவு தெரிந்த பிறகு அவன் தோற்கவேண்டும் என்று ஆசைப்படுவதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை அவரிடம் இல்லை. புதியது வந்ததால் பழையது போகும் என்று எதிர்பார்த்தார். அதுவும் போகவில்லை.

கால்பந்துப் போட்டிகளின் கால அட்டவணையும் இதற்கு உடந்தை. ஒரே ஊரில் இரண்டு கூட்டத்தை ஒரே நாளில் சமாளிக்க முடியாது என்று, ஓர் அணி உள்ளூரில் ஆடும் சனிக்கிழமை மற்ற அணியை வெளியூருக்கு அனுப்பிவிடுவார்கள். எனவே அவர் ஒரு சனிக்கிழமை பச்சை மப்ளர், மறு சனிக்கிழமை அரக்கு மப்ளர். மேட்டு கேலரியில் பார்த்த மேட்டுக்காரர்கள் "டைம்கீப்பர் நம்மாளு" என்றார்கள். பால கேலரியில் பார்த்த பாலத்துக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் இரண்டு தரப்பும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். டூட்டி போடுகிறவர் நம்மாள் என்பது எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் ரகளையாகிவிடுமே! ஒரு ரகசியத்தை நாற்பது பேர் காப்பாற்ற முடியாது என்பார்கள். ஆதாயம் இருந்தால் எண்பது பேரும் காப்பாற்றுவார்கள்.

இரண்டு அணியும் ஒன்றோடொன்று மோதும் நாள் வருடத்துக்கு இரண்டு முறை வரும். அந்த நாட்களில் டிரைவர்களில் பாதிப்பேருக்குத்தான் லீவு கிடைக்கும். அடுத்த முறை மறுபாதிக்கு. டைம்கீப்பர் மட்டும் ஒவ்வொரு முறையும் தனக்கே டூட்டி போட்டுக்கொண்டு, மைதானத்துக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் விசிலோடு நிற்பார். "நமக்காக அண்ணன் மேட்சையே விட்டுக்கொடுக்கிறாரு பாரு" என்று இரண்டு தரப்பும் உருகியது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை, தப்பித்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் வினை வந்தது, அதுவும் அன்பின் வழியாக.

இரண்டு அணியுமே கேவலமாக ஆடி, பட்டியலின் அடியில் சமமாக வந்து நின்றன. ஒன்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கியாக வேண்டும். எது என்று தீர்மானிக்க ஒரே ஓர் ஆட்டம், சமமானால் பெனால்டி. இப்படிப்பட்ட நாளிலாவது அண்ணன் உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டும் என்று மேட்டுக்காரர்கள் ஒரு டிக்கெட் வாங்கினார்கள். பாலத்துக்காரர்களும் ஒரு டிக்கெட் வாங்கினார்கள். அவருக்குப் பதிலாக ஸ்டாப்பில் நிற்க ஆள் வேண்டுமே? இரு தரப்பும் தனித்தனியாகப் போய்ப் பிடித்தது ஒரே ஆளை: கால்பந்து பிடிக்காத மூவரில் ஒருவன், ஸ்டியரிங் பக்கத்திலேயே நாவல் வைத்திருப்பதால் புத்தகப்புழு என்று பெயர். இரண்டு பேரிடமும் சரி என்றான். இரண்டு பேர் வந்து ஒரே உதவி கேட்கிறார்களே என்று அவனுக்கு உறைக்கவில்லை. அவன் படித்துக்கொண்டிருந்த கதையில் யாரோ சாகக் கிடந்த நேரம்.

வியாழக்கிழமை டீ நேரத்தில் கேன்டீனில் மேட்டுத் தலைவர் கவரோடு எழுந்தார். மீசை என்றால் டிப்போவில் அவர்தான்; மீசைக்குப் பின்னால் கொஞ்சம் முகமும் உண்டு. அதே சமயம் எதிர் மேஜையிலிருந்து பாலத்துக் கட்சியின் டிரைவர் அக்காவும் கவரோடு எழுந்தார்.

"அண்ணே, இது நம்ம பசங்க அன்பா குடுக்கறது. கிழக்கு கேலரி, நடு வரிசை" என்றார் மீசை.

"யோவ் மீசை, யாருக்குக் குடுக்கறே? அவரு எங்காளுய்யா" என்றார் அக்கா. "அண்ணே, மேற்கு கேலரி. என் பக்கத்து சீட்டு."

"உங்காளா? காலைலேயே ஆரம்பிச்சிட்டியா அக்கா? பதினாலு வருஷமா எங்க கூட உக்காந்து கத்தறாரு."

"எங்க கூட இருபது வருஷமா கத்தறாரு. தொண்டை கட்டினா மிளகு மிட்டாய் நான்தான் குடுக்கறேன்."

டைம்கீப்பர் டீயைக் கீழே வைத்தார். வைத்த டம்ளரை மறுபடி எடுத்து, மறுபடி வைத்தார்.

"அண்ணே, நீங்க எங்காளுதானே?" மீசையின் குரல் இறங்கியிருந்தது.

"ஆமா தம்பி."

"அப்போ நாங்க?" என்றார் அக்கா.

"ஆமாம்மா."

"ரெண்டுக்கும் ஆமாவா?"

"கேட்டது ரெண்டு. ரெண்டும் நிஜம்."

மூலையிலிருந்து புத்தகப்புழு தலையைத் தூக்கினான். "அப்போ சனிக்கிழமை நான் ஸ்டாப்ல ஒரு ஆளா நிக்கணுமா, ரெண்டு ஆளா நிக்கணுமா?"

அவனை உட்கார வைத்துவிட்டு ரகளை தொடங்கியது. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்றார் ஒருவர். மதில்மேல் பூனை என்றார் இன்னொருவர். இது தவறு. மதில்மேல் பூனை எந்தப் பக்கமும் குதிக்காதது. இவர் இரண்டு பக்கமும் குதித்து, இரண்டு வீட்டிலும் பால் குடிக்காமல், இரண்டு வீட்டு எலிக்காகவும் கண் விழித்தவர். அப்படிப்பட்ட பூனைக்குப் பழமொழி கிடையாது. இருந்தால் அன்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே சந்தேகம் வந்தது. பதினொரு வருடமாகத் தனக்கு விழுந்த ஒவ்வொரு மோசமான டூட்டியும் அவரவர் நினைவுக்கு வந்தது. அலமாரியைத் திறந்தார்கள். பழைய சார்ட்டுகள் சுருட்டிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒரு தரப்பு படித்தால் மறுதரப்பு நம்பாது என்பதால் படிக்கும் வேலை புத்தகப்புழுவுக்கு வந்தது. அன்று மாலையும் மறுநாள் முழுக்கவும், டூட்டிக்கு நடுவே, அவன் தேதிவாரியாகப் படித்தான். அந்தந்த வாரம் யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்று இரு தரப்பும் மனப்பாடமாகச் சொன்னது. கல்யாண நாளை மறந்து வீட்டில் அடி வாங்கியவர்கள், ஒன்பது வருடத்துக்கு முந்தைய சனிக்கிழமையில் எந்த நிமிடத்தில் கோல் விழுந்தது என்று திருத்தம் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் புத்தகப்புழு கண்ணாடியைக் கழற்றினான். "இதுல ஒரு கதை இருக்கு" என்றான்.

அந்த டிப்போவில் எல்லோரும் வெறுக்கும் டூட்டி, காலை ஆறு ஐம்பதுக்குக் கிளம்பும் பள்ளிக்கூட ட்ரிப். மூன்று வண்டி; வண்டிக்கு அறுபது பிள்ளைகள்; அறுபதும் பாடும். திங்கட்கிழமைக் கட்டத்தை மட்டும் டைம்கீப்பர் ஞாயிறு காலைவரை நிரப்பாமலே வைத்திருந்திருக்கிறார். சனிக்கிழமை பாலம் தோற்றிருந்தால், திங்கள் காலை பள்ளிக்கூட ட்ரிப்பில் மூன்று மேட்டுக்காரர்கள். மேடு தோற்றிருந்தால் மூன்று பாலத்துக்காரர்கள். பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட, தோற்ற அணியின் ரசிகன் திங்கள் காலை அந்தப் பிள்ளைகளை ஏற்றியதில்லை.

"ரெண்டும் தோத்த வாரம்?" என்று யாரோ கேட்டார்கள்.

புத்தகப்புழு மறுபடி குனிந்தான், ஒரு விரலை வைத்துத் தேடினான், முகம் மாறியது. "எங்க மூணு பேருக்கும் போட்டிருக்காரு! நான் என்னய்யா பாவம் பண்ணினேன்?"

ஆக, இப்போது எண்பத்துமூன்று பேருக்கும் குறை இருந்தது.

"அப்போ நாங்க ஜெயிச்சா எங்களுக்குத் தண்டனையா அண்ணே?" என்றார் மீசை.

"தண்டனை இல்ல தம்பி. தோத்த மறுநாள்... ரெண்டு நாள் ஆனாலும் அது தொண்டைல நிக்கும். அந்த நேரத்துல முதுகுக்குப் பின்னால அறுபது குட்டிங்க பாடினா வண்டி ஒழுங்கா ஓடாது. ஜெயிச்சவனுக்கு அது காதுலயே விழாது. அவனும் சேந்து பாடுவான். நீயே போன மாசம் பாடியிருக்கே, பெற்றோர் புகார் குடுத்தாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும், எது எத்தனை நாள் தொண்டைல நிக்கும்னு?"

"எனக்கு வாராவாரம் ஏதாவது ஒண்ணு தோத்துடும்" என்றார் டைம்கீப்பர்.

இந்த இடத்தில் யாராவது நெகிழ்ந்து கட்டிப்பிடித்திருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். டிப்போவில் அந்த வழக்கம் இல்லை. மீசை மேஜையைத் தட்டினார். "எங்காளா இருந்து எங்களுக்குச் சலுகை காட்டியிருந்தா சந்தோஷப்பட்டிருப்போம். அவங்காளா இருந்து எங்களுக்கு ஆப்பு வெச்சிருந்தாக்கூட, சரி, எதிரின்னு புரிஞ்சிருக்கும். இது என்ன கணக்கு?"

"அதேதான் நானும் சொல்றேன்" என்றார் அக்கா. இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றுதான் முதல்முறை. அதற்கும் டைம்கீப்பரே காரணம். அக்கா தீர்ப்பைச் சொன்னார்: "அண்ணே, எங்களுக்கு உங்க மேல கோவம் இல்ல. நீங்க எந்தப் பக்கம்னு தெரிஞ்சா போதும். நாளைக்கு ஏதோ ஒரு கேலரில வந்து உக்காருங்க. அவங்க பக்கம் உக்காந்தாலும் பரவால்ல, திங்கக்கிழமை கை தூக்கித் தேர்ந்தெடுக்கும்போது என் கை உங்களுக்குத்தான். எந்தப் பக்கமும் வரலைன்னா மேஜையை விட்டுடுங்க."

யோசித்துப் பார்த்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. சாய்ந்த தராசை வைத்துக்கூட வியாபாரம் செய்யலாம், எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்று தெரிந்தால். இந்தத் தராசு ஒவ்வொரு திங்களும் எந்தப் பக்கம் சாயும் என்பது சனிக்கிழமைதான் தெரியும். அதை நம்பச் சொன்னால் எப்படி?

வீட்டில் அவர் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வலியைக் கேட்பதால் வீட்டில் எதற்கும் அசைவதில்லை.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஒண்ணுல போய் உக்காருங்க. மேஜை தங்கும்" என்றார்.

"உக்காந்தா? இந்தப் பக்கம் உக்காந்திருக்கும்போது அந்தப் பக்கம் கோல் போட்டா நான் என்ன பண்றது? சும்மா இருந்தா பொய். கத்தினா அடி."

"எனக்கு ரெண்டு அக்கா. ஒருத்தி மூஞ்சில ஒருத்தி முழிக்கறதில்ல. நான் ரெண்டு வீட்டுக்கும் போறேன், ரெண்டு வீட்லயும் சாப்பிடறேன். என்னை யாராவது ஒற்றன்னு சொல்றாங்களா?"

"உன் ரெண்டு அக்காவும் சொல்றாங்களே."

மனைவி ஒரு சட்டையை உதறினார். "சொல்லட்டுமே. அதுக்காக ஒருத்திய விட்டுட முடியுமா?" என்றார். பிறகு, தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே புரிந்தது. "போங்க, மேஜை போனா போகட்டும். அந்தச் சார்ட்டைக் கட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூட வீட்ல இருந்ததில்ல."

சனிக்கிழமை நாலு மணி. கிழக்கு வாசலில் மீசை காத்திருந்தார். மேற்கு வாசலில் அக்கா. இரண்டு வாசலுக்கும் நடுவே பஸ் ஸ்டாப். டைம்கீப்பர் வந்தார். சட்டைப்பையில் இரண்டு டிக்கெட். ஸ்டாப்பில் நாவலோடு நின்றிருந்த புத்தகப்புழுவிடம் கை நீட்டி விசிலை வாங்கிக்கொண்டார்.

மீசை ஓடிவந்தார். "அண்ணே, டீம் இறங்கிட்டாங்க. வாங்க!"

"நீ போ தம்பி. வெளிய வண்டியை யார் பாத்துக்கறது?"

"அதுக்குத்தான் இவன் இருக்கானே."

"இவனுக்கு எந்த வண்டிய முதல்ல எடுக்கணும்னு தெரியாது."

மேற்கு வாசலிலிருந்து அக்கா கத்தினார்: "கடைசியா கேக்கறேண்ணே!"

அவர் கையை உயர்த்தினார். வருகிறேன் என்பதா, போங்கள் என்பதா என்று புரியாமல் அக்கா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மைதானத்தில் ரெஃப்ரியின் விசில் கேட்டது, அக்கா உள்ளே போய்விட்டார்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. பெனால்டிக்குப் போயிற்று. வெளியே நின்ற டைம்கீப்பருக்குச் சத்தம் மட்டும் கேட்டது. கிழக்கே ஒரு கத்தல், மேற்கே ஒரு கத்தல், மறுபடி கிழக்கே. அவருக்குக் கணக்குப் போடத் தெரியும், போடவில்லை. ஒன்பதாவது உதைக்குப் பிறகு மேற்கே எழுந்த சத்தம் அடங்கவேயில்லை. கிழக்கே சத்தமே இல்லை.

மேடு இறங்கிவிட்டது. அப்பா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிய அணி. அவர் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு விசிலை ஊதினார். மேட்டுத்தெரு வண்டிகள் ஏழும் முன்னால் வந்து நின்றன. பாலத்து வண்டிகளைப் பின்னால் நிறுத்தினார். ஜெயித்தவன் அரை மணி நேரம் சாலையிலேயே நின்று பாடுவான், அவனுக்கு வண்டியே வேண்டாம். தோற்றவனுக்கு அடுத்த நிமிடமே அங்கிருந்து போய்விட வேண்டும். பாட்டு தொடங்குவதற்குள் ஏழு வண்டியும் கிளம்பிவிட்டன. ஏழாவதில் ஜன்னலோரம் மீசை. மீசை நனைந்திருந்தது. டைம்கீப்பரைப் பார்க்காத மாதிரிப் பார்த்தார்.

பாலத்துக்காரர்கள் பாடிக்கொண்டே வெளியே வந்தபோது அக்கா டைம்கீப்பரைத் தேடினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. இரண்டும் ஒரே முகத்தில் இருந்தன. "நல்லா ஆடினாங்களா?" என்று அவரே கேட்டார். "ஆடினாங்கண்ணே" என்றார் அக்கா. அதற்குமேல் பாட வரவில்லை.

திங்கட்கிழமை கை தூக்கினார்கள். டைம்கீப்பருக்கு ஆதரவாக ஒரு கைகூட இல்லை. அக்கா சொன்ன சொல் தவறவில்லை, மீசையும். மேஜை இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. முதல் சார்ட்டை முடிக்க அவர்களுக்கு ஐந்து நாள் ஆயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கையெழுத்து. அதில் புத்தகப்புழுவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வண்டி விழுந்தது. டைம்கீப்பரை, பயணிகள் மறந்துவிட்டுப் போன பொருட்கள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஒற்றைச் செருப்புகள், குடைகள், ஒரு பல்செட்டு. எது யாருடையது என்று கேட்க நாளுக்கு நாலு பேர் வருவார்கள். மேஜையை இழந்தது வலித்ததா என்றால், வலித்தது. முதல் மாதம் அவர் பலகைப் பக்கம் போகாமல் சுற்றி நடந்தார்.

புதிய பருவம் தொடங்கியது. இரண்டாம் பிரிவின் ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில். முதல் ஞாயிறு மேட்டு மைதானத்தின் கேலரி வழுக்கைத் தலைபோலக் கிடந்தது. உயிரைக் கொடுப்போம் என்று பாடியவர்களில் பலருக்கு அன்று வீட்டில் விருந்தாளிகள், சிலருக்கு முதுகுவலி. ஒரே அணியை மட்டுமே நேசிப்பவர்களுக்கு இது ஒரு சங்கடம்: அது இறங்கிப்போனால், கூடவே இறங்குவதா, வீட்டில் இருப்பதா?

மீசை வந்திருந்தார். நடு வரிசையில் தனியாக. ஆட்டம் தொடங்கச் சற்று நேரம் இருக்கும்போது படியேறி வரும் ஆளைப் பார்த்தார். பச்சை மப்ளர். ஏதாவது சொல்லவேண்டும் என்று பார்த்தார்.

"என்னண்ணே, உங்க இன்னொரு வீட்ல மேட்ச் இல்லையா?"

"அது நேத்தே முடிஞ்சுது."

"ஜெயிச்சாங்களாமா?"

"நாலுக்கு பூஜ்ஜியம். தோத்துட்டாங்க."

மீசையின் முகத்தில் சந்தோஷம் கிளம்பியது. பாலம் நாலு கோல் வாங்கியிருக்கிறது! எழுந்து நின்று இரண்டு கையையும் தட்டவேண்டிய செய்தி. கையைத் தூக்கவும் தூக்கினார். பிறகு பக்கத்தில் நின்றவரின் முகத்தைப் பார்த்தார். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

"நாலா?" என்றார் மெதுவாக. "கோலி சரியில்லையா?"

"அவன் நல்ல பையன்தான். தடுப்பாட்டக்காரங்க தூங்கிட்டாங்க."

"அதான். அவன் மட்டும் என்ன பண்ணுவான்" என்றார் மீசை. எதிரி கோலிக்காகப் பரிந்து பேசியது அவருக்கே அதிர்ச்சியாக இருந்தது. பிறகு பக்கத்து சீட்டில் விழுந்திருந்த தூசியைக் கையால் தட்டினார்.

"உக்காருங்கண்ணே. ஆரம்பிக்கப் போறாங்க."